தட்டு நிறைய விதை, வாய்க்கு ஒரு ரொட்டி

வா தம்பி, உக்காரு. காலை நீட்டிக்கோ. என்ன குடிக்கிறே, தே தாரிக்கா கோப்பியா? கோதுமைப் புல்லு ஜூஸ் மட்டும் கேட்டுராதே, இந்த மாமாக் கடையில கிடைக்காது. தெருக்கோடியில குளிர் போட்ட கடை ஒண்ணு இருக்கு. அங்க ஒரு குட்டிக் கிளாஸ் 15 வெள்ளி. புல்லத் தின்னு பாலக் குடுத்துச்சு எங்க மாடு. நீங்க மாட்டைத் தள்ளிட்டு நேரா புல்லுக்கே வாய வச்சுட்டீங்க. கெட்டிக்காரப் பயலுவதான்.

இந்த பிரிக்பீல்ட்ஸ் ஊருக்கு ஏன் இந்தப் பேருன்னு தெரியுமா? ஒரு காலத்துல இங்க செங்கல் சூளை. கோலாலம்பூர்ல பாதி ஊரு தீயில வெந்து, மீதி வெள்ளத்துல போனப்புறம் கல்லுக் கட்டடம் கட்டணும்னு சட்டம் வந்துச்சு. இங்கதான் கல்லு அறுத்தாங்க. செங்கலுக்கு ஒரு குணம் உண்டு, தம்பி. எம்புட்டு நெருக்கி அடுக்குறியோ அம்புட்டு நல்லது. அது மூச்சு விடாது, வேரு விடாது, பக்கத்துக் கல்லோட சண்டை போடாது. உங்க ஆளுங்களுக்கு செங்கலுக்கும் செடிக்கும் வித்தியாசம் தெரியல. அதான் இப்ப பிரச்சினை.

என் பேரன் கதையச் சொல்றேன். சிரிக்காதே. சிரிச்சாலும் சத்தம் வராம சிரி, அவன் அந்தப் பக்கம்தான் கார் நிறுத்துவான்.

கொண்டோவுல பதினேழாவது மாடி. பால்கனியில ஒரு எருமை படுத்தா வாலு வீட்டுக்குள்ள கிடக்கும், அம்புட்டுதான் அகலம். அதுல ஐயா விவசாயம் பண்றாரு. இரும்புத் தட்டு, ஊதா வெளிச்சம் அடிக்கிற விளக்கு, மண்ணுல குத்தி ஈரம் பாக்குற குச்சி. அந்தக் குச்சி சொல்றதக் கேக்க போன்ல ஒரு ஆப். "விரல விட்டுப் பாத்தா ஈரம் தெரியாதாடா?"ன்னேன். "டேட்டா வேணும் தாத்தா"ன்னான். சரிப்பா, விரலுக்கு டேட்டா கிடையாது. சோத்துல உப்பு இருக்கான்னும் இனிமே குச்சி வச்சுத்தான் பாக்கணும்.

சொந்தக் கோதுமை வெளைச்சு, சொந்தமா அரைச்சு, புளிச்ச மாவுல ரொட்டி சுடணும்னு அவனுக்கு ஆசை. ஆசையில தப்பில்ல. மூணடி நாலடி எடுத்து வைக்கிற புள்ளைக்கும் ஓடத்தானே ஆசை?

சாமான் கடையில கோதுமை வாங்கிட்டு வந்தான். தட்டு ரெண்டடி நீளம், ஓரடி அகலம். அதுல கால் கிலோவையும் கொட்டி, கையால தடவிப் பரப்புனான். மண்ணே தெரியல. பாத்துக்கிட்டே இருந்தேன்.

"என்னடா இது, கோயிலுக்கு முளைப்பாரியா?"

"நெருக்கமா போட்டா நிறைய வரும்தானே தாத்தா?"

நான் ஒண்ணும் பேசல. கிழவன் பேசுனா கேக்க மாட்டான், கோதுமை பேசுனா கேப்பான்.

ஒன்பதாம் நாள் தட்டு பச்சைக் கம்பளம் மாதிரி இருந்துச்சு. படம் புடிச்சுப் போட்டான். அறுநூறு பேருக்குப் புடிச்சுதாம். இருபதாம் நாள் பாக்கணுமே! அடியில மஞ்சள், நடுவுல வெள்ளைப் பூஞ்சு, மேல எல்லாம் சாஞ்சு கிடக்கு, பொங்கப் பானை கவுந்த மாதிரி. அதுக்கு மட்டும் படம் புடிக்கல. ஏன்டான்னு கேட்டா போன்ல சார்ஜ் இல்லையாம்.

என் அப்பன் சேலத்துப் பக்கத்துலேருந்து வந்த ஆளு. கையெழுத்து போடத் தெரியாது. ஆனா ஒண்ணு சொல்லுவாரு: கலக்க விதைச்சா களஞ்சியம் நெறையும், அடர விதைச்சா போர் உசரும். கலக்கன்னா எடைவெளி விட்டு. போருன்னா சண்டை இல்லடா, வைக்கோப் போரு. நெருக்கிப் போட்டா வைக்கோலு கிடைக்கும், நெல்லு கிடைக்காது. மாட்டுக்குக் கொண்டாட்டம், வீட்டுக்குத் திண்டாட்டம். என் பேரன் நாலு வருஷம் படிச்சு, எட்டாயிரம் வெள்ளிக்குச் சாமான் வாங்கி, கடைசியில கண்டுபுடிச்சது அதுதான். வைக்கோலு.

இப்ப நீயே கணக்குப் போடு. நீ படிச்ச புள்ளதானே?

வட இந்தியாவுல, பஞ்சாப் அரியானா பக்கம், காலத்துல விதைக்கிற கோதுமைக்கு ஹெக்டேருக்கு 100 கிலோ விதைன்னு சொல்றாங்க. ஆயிரம் கோதுமை மணி சுமார் 40 கிராம் எடை. அப்ப 100 கிலோவுல 25 லட்சம் மணி. ஹெக்டேர்னா பத்தாயிரம் சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டருக்கு 250 மணி. சரியா? நம்ம ஐயாவோட தட்டு ஒரு சதுர மீட்டர்ல அஞ்சுல ஒரு பங்குகூட வராது. அதுக்கு 45 மணி போதும். இவன் கொட்டுன கால் கிலோவுல எத்தனை மணி? ஆறாயிரத்துச் சொச்சம். நூத்தி முப்பத்தொம்போது மடங்கு. ஒரு பஸ்ஸுல நாப்பது பேரு போலாம்னா, இவன் அஞ்சாயிரத்து ஐநூறு பேரை ஏத்தியிருக்கான். தைப்பூசத்தன்னிக்கி பத்துமலை ரயிலுகூட அப்படிப் போவாது.

சரி, 45 மணி ஒழுங்காப் போட்டு, எல்லாம் நல்லபடியா வெளைஞ்சா என்ன வரும்? ஒரு சதுர மீட்டர்ல 250 விதை. ஒரு செடி சராசரி ரெண்டு கதிர் விட்டா 450, 500 கதிர். ஒரு கதிருக்கு 30 மணி. அரைக் கிலோ தேறும். ஹெக்டேருக்கு அஞ்சு டன்னு, நல்ல வெள்ளாமை. இவன் தட்டுக்கு 90 கிராம். இந்தா, அங்க மாஸ்டர் மாவை வீசுறாரு பாரு. ஒரு உருண்டை. அதான் உன் அறுவடை. எட்டாயிரம் வெள்ளி, நாலு மாசம், ஒரு ரொட்டி சானாய். இங்க ஒண்ணே முக்கால் வெள்ளிக்குக் குழம்போட தர்றான்.

நீ கேப்பே, தாத்தா, கதிர் எண்ணிக்கை ரெண்டோட ஏன் நிக்கணும்னு. நல்ல கேள்வி. கோதுமையும் நெல்லும் செங்கலு இல்லன்னு சொன்னேன்ல? அது தூர் கட்டும். பக்கத்துல இடம் இருக்கு, வெளிச்சம் இருக்கு, சத்து இருக்குன்னா, அடியிலேருந்து இன்னொரு தண்டு, இன்னொரு தண்டுன்னு விட்டுக்கிட்டே போவும். பக்கத்துல ஆளு இருந்தா அடக்கிக்கும். வீட்டுக்கு வர்ற சம்பந்தி மாதிரி. இடம் தாராளமா இருந்தா பத்து பேரைக் கூட்டிட்டு வருவாரு. ஒரு ரூம்னா ஒத்த ஆளா வந்து போயிருவாரு. அதனாலதான் கோதுமையில விதை அளவு கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும் மகசூலு பெருசா ஆடாது. 90 கிலோ போட்டவனும் 110 கிலோ போட்டவனும் களத்துல ஒண்ணாத்தான் நிப்பாங்க. செடி தானே எண்ணிப் பாத்துக் கணக்கை நேர் பண்ணிரும். அதுக்கு ஆப் வேண்டாம்.

ஆனா அதுக்கு நாளு வேணும். இங்கதான் சூட்சுமம். நெல்லு அறுத்துட்டு, தாமசமா, டிசம்பர்ல கோதுமை போடுறான்னு வையி. தூர் கட்டவே நேரம் இல்ல. குளிரு குறுகிப்போச்சு, மார்ச்சுல வெயில் வந்து கதிரைச் சுட்டுரும். அப்ப அவன் என்ன பண்ணணும்? விதையைக் கூட்டணும். 125 கிலோ. வரிசையையும் நெருக்கணும். காலத்துல போட்டவன் ஒரு செடியில ரெண்டு மூணு புள்ள பெத்துக்குறான். தாமசமா போட்டவன் ஒண்ணே ஒண்ணு பெத்துக்குறான், அதனால வீட்டு எண்ணிக்கையைக் கூட்டுறான். நவம்பர் பாதி தாண்டுனா ஒவ்வொரு நாளுக்கும் நூத்துல ஒரு பங்கு மகசூலு போவும்னு அங்கத்திக்காரங்க கணக்கு. வெயிலு என்ன பண்ணும்னு பாக்கணுமா? 2022 மார்ச்சுல வட இந்தியாவுல வெயிலு முந்திக்கிச்சு, மணி சுருங்கிப்போச்சு. மே மாசம் 13-ஆம் தேதி கோதுமையை வெளிய அனுப்பக்கூடாதுன்னு டில்லி கதவைச் சாத்திருச்சு.

இன்னொண்ணு பாரு. நமக்குக் கோதுமை அனுப்புறதுல ஆஸ்திரேலியாக்காரன் பெரிய கை. மேற்கு ஆஸ்திரேலியாவுல போடுற விதை எம்புட்டு? ஹெக்டேருக்கு 50, 60, கூடிப்போனா 80 கிலோ. கஞ்சனா அவன்? இல்ல. வானம் கஞ்சன். அங்க மழை கம்மி. நெருக்கிப் போட்டா எல்லாச் செடியும் ஆளுக்கு ஒரு மடக்குத் தண்ணி குடிச்சுட்டு, கதிரு வர்ற நேரத்துல நாக்கைத் தொங்கப் போட்டுரும். அதான் கொஞ்ச ஆளை வச்சுக் குடும்பம் நடத்துறான். தண்ணி உள்ள பஞ்சாப்காரன் கணக்கை அவன் காப்பி அடிச்சிருந்தா நீயும் நானும் இப்ப ரொட்டி தின்ன முடியுமா?

விதைக்கிற விதத்துக்கு வருவோம். கையால வீசுறது ஒண்ணு. பாக்க அழகு. சினிமாவுல கதாநாயகன் அப்படித்தான் வீசுவான். ஆனா கையில வீசுனா ஒரு மணி மேலயே கிடக்கும், குருவிக்கு. ஒண்ணு ஆழத்துக்குப் போவும், மண்ணுக்கு. ஒரு எடத்துல கூட்டம், ஒரு எடத்துல பாலைவனம். அதுக்கு ஈடு கட்ட 25 கிலோ கூடுதலாப் போடணும். வரிசையில போட்டா எல்லா மணியும் ஒரே ஆழத்துல, ஒரே ஈரத்துல. நடுவுல கொத்து ஓடும், களை எடுக்கலாம். வரிசைக்கு வரிசை ஒரு ஜாண்.

வெள்ளைக்காரன் இதை 1701-ல கண்டுபுடிச்சான்னு உன் புஸ்தகத்துல இருக்கும். ஜெத்ரோ டல்னு ஒரு ஆளு, இங்கிலாந்துல. நல்ல ஆளுதான், வேண்டாங்கல. ஆனா 1790-கள்ல ஹால்காட்டுன்னு ஒரு பட்டாளத்துக் கேப்டன் தென்னிந்தியாவுல சுத்திப் பாத்துட்டு, இங்க குடியானவன் ரொம்ப காலமா வரிசை விதைப்புதான் பண்றான்னு சீமைக்குக் கடுதாசி எழுதுனாரு. தெலுங்கு நாட்டுல கொர்ரு, கன்னடத்துல கூரிகென்னு பேரு. மாடு இழுக்கும். மூணு நாலு கொழு மண்ணைக் கீறும். ஒவ்வொரு கொழுவுக்குப் பின்னால ஒரு மூங்கில் குழா. எல்லாக் குழாவும் மேல ஒரு மரக் கிண்ணத்துல போய்ச் சேரும். அந்தக் கிண்ணத்துல ஒரு பொம்பள நடந்துக்கிட்டே விதையை விடுவா. விரலு இடுக்குல எத்தனை மணி விழணும்னு அவ கைக்குத் தெரியும். வெயிலுல, புழுதியில, மாட்டு நடைக்கு ஏத்தபடி. அந்தக் கையை ஆப்புல போட முடியுமா உன்னால?

ஆழம் பத்தி ஒரு வேடிக்கை சொல்றேன், கேளு. பழைய நாட்டுக் கோதுமை ஆள் உசரம் வளரும். உரம் போட்டா இன்னும் உசந்து, காத்தடிச்சா சாஞ்சு படுத்துக்கும். 1960-கள்ல மெக்சிகோவுலேருந்து குட்டைக் கோதுமை வந்துச்சு. 1966-ல மட்டும் 18,000 டன் விதை இந்தியாவுக்கு வந்து இறங்குச்சு. யாரு வரவழைச்சது? நம்ம ஆளு. சி. சுப்பிரமணியம், பொள்ளாச்சிப் பக்கத்துக்காரரு, அப்ப வெவசாய மந்திரி. விஞ்ஞானம் பாத்தது கும்பகோணத்துல பொறந்த சுவாமிநாதன். சோறு திங்கிற ரெண்டு தமிழன் சேந்து சப்பாத்தி திங்கிறவனுக்கு வழி காட்டுனாங்க. மந்திரி என்ன பண்ணாரு தெரியுமா? டில்லியில அவரு பங்களா புல்தரையை உழுதுட்டுக் கோதுமை போட்டாரு. மந்திரி வீட்டுல வெளைஞ்சா மத்தவன் நம்புவான்ல? என் பேரன்கிட்ட இதைச் சொன்னேன். "பாத்தீங்களா தாத்தா, அவரும் என்ன மாதிரி அர்பன் ஃபார்மர்"ன்னான். நான் என்னத்தச் சொல்ல?

வேடிக்கை எங்கன்னா, அந்தக் குட்டைக் கோதுமைக்கு முளைக்குருத்தும் குட்டை. நாட்டுக் கோதுமையை ஈரம் தேடி நாலு விரக்கட ஆழத்துல போடுறது பழக்கம். அது முட்டி மோதி மேல வந்துரும். குட்டைக் கோதுமையை அப்படிப் போட்டா மண்ணுக்குள்ளேயே மூச்சு முட்டிப் போவும். தாத்தன் போட்ட ஆழத்துலயே போட்டவனுக்கு வயலு சொட்டை விழுந்துச்சு. அப்புறம்தான் சொன்னாங்க, அஞ்சு சென்டிமீட்டர், அதுக்கு மேல போவாதேன்னு. பாத்தியா, பழசுன்னாலே சரின்னு நான் சொல்ல மாட்டேன். என் வயசுல இத ஒத்துக்கறது கஷ்டம், மறந்துறாதே.

கோதுமை நமக்குத் தூரம். செம்பனைக்கு வா. அது என் வயித்துல கட்டுன கயிறு. கிள்ளானுக்கு அந்தாண்ட ஒரு தோட்டம், பேரு வேண்டாம். கித்தா மரத்தைச் சாச்சுட்டு செம்பனை போட்ட காலம். நான் லைன் போடுற கூட்டத்துல இருந்தேன். நீளமா ஒரு கம்பி, அதுல 29 அடிக்கு ஒரு செவப்புத் துணி முடிச்சு. ரெண்டு பக்கமும் ரெண்டு ஆளு இழுத்துப் புடிப்பான். துணி நிக்கிற எடத்துல நான் கம்பு ஊனணும். அடுத்த வரிசை நேரா இல்ல, எடைவெளிக்கு நடுவுல. முக்கோணம். எந்த மரத்துலேருந்து பாத்தாலும் ஆறு பக்கமும் ஒரே தூரம். ஏக்கருக்கு 60 மரம். ஓலை விரிஞ்சா ஒண்ணுக்கொண்ணு நுனி தொடும், ஏறி மிதிக்காது.

புதுசா வந்த சின்ன துரை ஒருத்தரு. படிச்சவரு. சட்டைப் பையில மூணு பேனா. 26 அடின்னாரு. ஏக்கருக்கு 74 மரம். மண்டோரு தலையைச் சொறிஞ்சாரு. "ஐயா, மரம் கூடுனா குலையும் கூடும்லே"ன்னு சின்ன துரை கேட்டாரு. நாங்க கம்பு ஊனுனோம். கூலிக்காரனுக்கு என்ன, கம்பு கூடுனா கூலி கூடும்.

முதல் அஞ்சாறு வருஷம் யாரு ஜெயிச்சா? சின்ன துரைதான். மரம் சின்னது, ஓலை முட்டிக்கல, குலை ஏக்கருக்குக் கூடுதலாவே வந்துச்சு. அவருக்கு எடம் மாத்திப் பெரிய வேலை குடுத்தாங்க. போயிட்டாரு. அதுக்கப்புறம்தான் ஓலை மேல ஓலை ஏறுச்சு. உள்ள இருட்டு. வெளிச்சத்துக்காக மரம் போட்டி போட்டு உசந்துச்சு, குலை சிறுத்துச்சு. நாங்க அறுக்கணும்னா கம்புக்கு மேல கம்பு கட்டி, கழுத்தை ஒடிச்சுக்கிட்டு அண்ணாந்து பாக்கணும். கடைசியில ஊடால ஊடால மரத்துக்கு விஷம் வச்சுக் கொன்னாங்க. நான் கம்பு ஊனுன மரத்துக்கு நானே ஓட்டை போட்டேன், தம்பி. அன்னிக்கிச் சோறு எறங்கல. சின்ன துரை அந்நேரம் வேற எங்கயோ ரிப்போட்டு எழுதிக்கிட்டு இருந்திருப்பாரு.

நெல்லப் பாக்கணும்னா தூரம் போவ வேண்டாம். கிள்ளான்லேருந்து காப்பார், கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங் தாண்டுனா செகிஞ்சான். ஞாயித்துக்கிழமை உங்க ஆளுங்க அங்க வரப்புல நின்னு படம் புடிக்கத்தானே போறீங்க? பச்சையா இருந்தா உங்களுக்கு எல்லாம் நெல்லு. அந்தப் பச்சைக்குள்ள ஒரு திருடன் உண்டு. பாத்திருக்கியா?

ஆளு கிடைக்காம போனப்புறம், 1980-கள்ல நாத்து நடுறதை விட்டுட்டு நேரடியா விதை வீச ஆரம்பிச்சாங்க. வேலை மிச்சம். யாரைக் குத்தம் சொல்றது? முதுகு வளைச்சு நட்டவனுக்குத்தான் முதுகு வலி தெரியும். ஆனா நாத்து நட்டா ஒரு லாபம். நெல்லு ஏற்கெனவே ஒரு ஜாண் வளந்து நிக்கும், தண்ணியக் கட்டிட்டா களை தலை தூக்காது. நேரடி விதைப்புல நெல்லும் களையும் ஒரே நாள்ல ஸ்கூலுக்குப் போற புள்ளைங்க. எது முந்தும்னு சொல்ல முடியாது. அதுக்குப் பயந்து விதையைக் கூட்டுனாங்க. ஹெக்டேருக்கு 140, 150 கிலோன்னு போவுது. களை முளைக்கிற எடத்தை நெல்லே அடைச்சுக்கட்டும்னு. அதுல ஞாயம் உண்டு, ஓரளவுக்கு.

அப்பத்தான் திருடன் வந்தான். மலாய்க்காரங்க ‘பாடி ஆஙின்’ம்பாங்க. காத்து நெல்லு. இந்த நாட்டுல அதை முதல்ல பதிஞ்சது 1980-கள் கடைசியில, இதே தஞ்சோங் காராங் செகிஞ்சான் பக்கத்துல. பாக்க நெல்லு மாதிரியே இருக்கும். பயிரோட சேந்து வளரும், உரத்தைத் தின்னும். அறுக்கப் போற நேரத்துல, மெஷின் வர்றதுக்கு முன்னால, காத்துல உதுந்துரும். உதுந்தது அடுத்த பருவத்துக்கு விதை. நெல்லுக்கு அண்ணன் தம்பிங்கறதால நெல்லை விட்டுட்டு அதை மட்டும் கொல்ற மருந்து கிடையாது. அதுக்காகவே மருந்து தாங்குற நெல்லு ரகத்தை 2010-ல வெளிய விட்டாங்க. கொஞ்ச நாள்ல காத்து நெல்லும் அந்த மருந்தைத் தாங்கக் கத்துக்கிச்சு. பின்ன, சொந்தக்காரன் வீட்டு ரகசியம் சொந்தக்காரனுக்குத் தெரியாதா? விதை அளவைக் கூட்டி இவனை அமுக்க முடியாது. சுத்தமான விதை, நல்லா உழுத சேறு, வரிசை நடவு, இதான் வழி. இப்ப சிலரு மெஷின் வச்சு மறுபடியும் நாத்து நட ஆரம்பிச்சுட்டாங்க.

வியட்நாம்காரன் நம்மளுக்கு அண்ணன். மேகாங் பக்கத்துல ஹெக்டேருக்கு 200 கிலோவுக்கு மேல வீசிக்கிட்டு இருந்தான். செடி நெருங்கி, பூச்சி பெருகி, மருந்துக்கே காசு போச்சு. அரசாங்கம் போய் ‘மூணைக் குறை, மூணைக் கூட்டு’ன்னு சொல்லிக் குடுத்துச்சு. விதை, உரம், மருந்து மூணும் குறை. மகசூலு, தரம், லாபம் மூணும் கூட்டு. சொன்ன உடனே எல்லாரும் கேட்டாங்களாக்கும்னு நினைக்காதே. கையில விதை மூட்டை இருக்குறவனுக்குக் கொஞ்சமாப் போடச் சொன்னா வீட்டுல புள்ளைக்குச் சோறு கம்மியா போடச் சொன்ன மாதிரி இருக்கும்.

மறுகோடியும் உண்டு. ஒத்த நாத்து நடவு. மடகாஸ்கர்ல ஒரு பாதிரியாரு, லோலானியேன்னு பேரு, 1980-கள்ல கண்டு சொன்னது. தமிழ்நாட்டுல திருந்திய நெல் சாகுபடின்னு பேரு வச்சாங்க. அதுக்கு முன்னால நெல்லு என்ன திருடிக்கிட்டா இருந்துச்சு, திருந்துறதுக்கு? பதினாலு நாள் நாத்து, குத்துக்கு ஒண்ணு, ஒரு ஜாண் சதுரத்துக்கு ஒண்ணு. ஏக்கருக்கு 30 கிலோ விதை போட்ட எடத்துல 2, 3 கிலோ. ஒத்த நாத்து முப்பது நாப்பது தூர் கட்டும். நண்டோட நெல்லு, நரியோட கரும்பு, வண்டியோட வாழை, தேரோட தென்னைன்னு நம்ம பாட்டன் சொன்னது அதுதானே? நெல்லு நடுவுல நண்டு ஓட வழி இருக்கணும். பாதிரியாருக்கு நண்டு சொல்லுச்சோ என்னமோ.

பீகார்ல இதையே கோதுமைக்கும் பண்ணிப் பாத்தாங்க. ஏக்கருக்குப் பத்து கிலோ விதை, அதையும் ஊற வச்சு, குழிக்கு ரெண்டு மணி. சின்னக் குடியானவனுக்கு நல்லா வந்துச்சு. நாலந்தாவுல ஒருத்தரு 2011-ல நெல்லுல ஹெக்டேருக்கு 22 டன்னுக்கு மேல எடுத்தாருன்னு பேப்பர்ல பெருசா வந்துச்சு. சீனத்து நெல்லு விஞ்ஞானி ஒருத்தரு நம்ப மாட்டேன்னுட்டாரு. நான் அந்த வயலப் பாக்கல, அதனால தலையை ரெண்டு பக்கமும் ஆட்டிக்கறேன். ஆனா ஒண்ணு. விதை மிச்சம்னு பேப்பர்ல எழுதுறவன், குனிஞ்சு ஒத்த ஒத்தையா நட்ட பொம்பளைங்க இடுப்பையும், பத்து நாளுக்கு ஒருக்கா களைக்கருவி தள்ளுன கையையும் கணக்குல சேக்குறதில்ல. அந்தக் கை இருக்குற வீட்டுக்கு அது சரி. ஆளு இல்லாத ஊருல மெஷினுதான் விதைக்கும், விதை கொஞ்சம் கூடத்தான் போவும்.

பேரன் கதைக்கு வரேன். தட்டு அழுகுனப்புறம் ஒரு ராத்திரி வந்து பக்கத்துல உக்காந்தான். "எத்தனை போடணும் தாத்தா?" இப்பத்தான் கேள்வி கேக்குறான், பாரு.

"முதல்ல உன் விதைக்கு உசுரு இருக்கான்னு பாரு"ன்னேன். என் பழைய வேட்டியில ஒரு துண்டு கிழிச்சு நனைச்சேன். நூறு மணி எண்ணச் சொன்னேன். எண்ணத் தெரியாம மூணு தடவை தப்பு விட்டான், கால்குலேட்டர் மூளை. பத்துப் பத்தா வரிசையா வச்சு, பாய் மாதிரிச் சுருட்டி, மூலையில வச்சோம். நாலாம் நாள் பிரிச்சா 61 முளைச்சிருக்கு. சான்று விதைன்னா 85-க்குக் குறையக்கூடாது. இவன் வாங்குனது மாவு அரைக்கிற கோதுமை, எத்தனை வருஷம் கோணியில கிடந்துச்சோ. 45 செடி வேணும்னா 45 போட்டாப் போதாது, 74 போடணும். குருவிக்கு ஒண்ணு, புழுவுக்கு ஒண்ணுன்னு கிழவிங்க கூடுதலா விடுவாங்கல்ல, அதுவும் இந்தக் கணக்குதான். அவங்க நூறால வகுக்கல, அம்புட்டுதான்.

மூணு வரிசை கீறி, ரெண்டு விரக்கட ஆழத்துல 74 மணி போட்டான். 46 வந்துச்சு. தட்டு மொட்டைத் தலையில நரை மாதிரி இருக்குன்னு அவனுக்கு வருத்தம். படத்துக்கு நல்லா இல்லையாம். பொறுடா, தூர் கட்டும்னேன். பதினேழாவது மாடிக்குப் புறா வரும்னு யாரு கண்டா? காலைல பதினொரு மணிக்கு வந்துச்சு. மிச்சம் 38.

இங்க அது கதிரு கட்டுமா? இந்த ஊரு ராத்திரியே 24, 25 டிகிரி. கோதுமைக்குக் குளிரு வேணும். வேர்த்துக்கிட்டே தூர் கட்டச் சொன்னா எப்படி? அவசர அவசரமா நாலு கதிரை நீட்டிட்டுப் போய்ச் சேந்துரும். எனக்குத் தெரியும். அவன்கிட்ட இன்னும் சொல்லல. தினமும் காலைல ஆபீஸ் போறதுக்கு முந்தி குனிஞ்சு விரலு விட்டு ஈரம் பாக்குறான். குச்சியக் கழட்டி வச்சுட்டான். அதைக் கெடுப்பானேன்?

இந்தா, ரொட்டி வந்துருச்சு. சூடு ஆறுறதுக்குள்ள பிச்சுத் தின்னு. பருப்புக் குழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்தச் சொல்லு, எனக்கும் சேத்து. காசை நீ குடுத்துரு தம்பி. இவங்க போன்ல கோடு கோடா ஒண்ணைக் காட்டி ஸ்கேன் பண்ணச் சொல்றாங்க. நான் படிக்காத ஆளு, எனக்கு எங்க அதெல்லாம் வரப் போவுது?